சத்தம் நின்ற இடம்: போஸ்ட்-ஹார்ட்கோர் என்பது என்ன?

யூடியூப்பில் 'போஸ்ட்-ஹார்ட்கோர்' என்று ஒருக்கா தேடிப் பாருங்கள். முதலில் வந்து விழுவது பெரும்பாலும் 2000களின் நடுப்பகுதியில் வந்த பாண்டுகள்தான். முகத்தை மூடும் தலைமுடி, இறுக்கமான ஜீன்ஸ். ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான், கோரஸ் வந்தவுடன் இன்னொருவன் தேன் மாதிரிப் பாடுவான். கொஞ்சம் கீழே போனால் 1988 இல் பதிவான ஃபுகாஸியின் 'வெயிட்டிங் ரூம்' இருக்கும். அதில் தேனும் இல்லை, தொண்டையும் கிழியவில்லை. ஒரு பேஸ் கிற்றார் ரெகே மாதிரி நடந்து வருகிறது, மற்றவர்கள் வந்து சேர்கிறார்கள், அரை நிமிசம்கூட ஆகவில்லை, எல்லாம் சட்டென்று நின்றுவிடுகிறது. சில விநாடிகளுக்கு ஒரு சத்தமும் இல்லை. போன் இறுகிவிட்டதோ எண்டு பார்த்தவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் ஒரே பெயர். ஏன் என்று கேட்டால் இணையத்தில் கிடைக்கிற பதில்கள் அரைகுறையாகத்தான் இருக்கின்றன. 'பங்கைவிடச் சிக்கலானது', 'உணர்ச்சி அதிகம்', 'கத்தலும் பாட்டும் கலந்தது' என்று சொல்வார்கள். ஒவ்வொன்றும் சில பாண்டுகளுக்குப் பொருந்தும், மிச்சப் பேரை வெளியே விட்டுவிடும். பெயரும் உதவாது. 'போஸ்ட்' என்றால் 'பின்', ஹார்ட்கோருக்குப் பின் வந்தது, அவ்வளவுதான். வேகம், வாத்தியம், குரல் ஒன்றைப் பற்றியும் அந்தப் பெயர் வாய் திறக்கவில்லை. ஆகவே எதற்குப் பின், யார் எதைவிட்டு விலகினார்கள் என்ற கதையைப் பார்க்காமல் இந்த இசையை விளங்கிக்கொள்ள ஏலாது. அந்தக் கதையின் பெரும்பகுதி வொஷிங்டன் டிசி என்ற ஒரே நகரத்தில், பள்ளிக்கூடம் முடித்தும் முடிக்காததுமான ஆக்களால் நடத்தப்பட்டது.

முதலில் ஹார்ட்கோர். 1970களின் பங்க் கொஞ்சம் கொஞ்சமாக ஃபஷன் ஆகிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் அதைவிட இளைய ஒரு கூட்டம் அதை எடுத்து இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்கத் தொடங்கியது. 1980 அளவில் கலிபோர்னியாவில் பிளாக் ஃபிளாக், டிசியில் பாட் பிரெயின்ஸ். பாட் பிரெயின்ஸ் கறுப்பின இசைக்கலைஞர்களின் குழு. பங்குக்கு வர முன்னர் ஜாஸ் ஃபியூஷன் வாசித்தவர்கள். அதனால்தான் அந்த வேகத்திலும் ஒரு அடி பிசகாது. அவர்களைப் பார்த்து வாயைப் பிளந்த வெள்ளைக்காரப் பெடியள் சிலர் தங்களுக்கும் பாண்ட் அமைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் இயன் மக்காய். டீன் ஐடில்ஸ் என்ற தங்கள் முதல் பாண்ட் கலைந்தபோது கையில் சேர்த்து வைத்திருந்த சுமார் 600 டொலரைப் பங்கு பிரிக்காமல், அதைக்கொண்டு தங்கள் பாட்டுகளையே ஒரு சின்ன ரெக்கோர்ட்டாகப் போட்டார்கள். கடையில் வாங்கிய ஒரு ரெக்கோர்ட்டின் உறையைப் பிரித்து, அதே அளவில் அட்டையை வெட்டி, கையாலேயே மடித்து ஒட்டினார்கள். 1980 இல் இப்படித்தான் டிஸ்கோர்ட் ரெக்கோர்ட்ஸ் தொடங்கியது. மக்காயும் ஜெஃப் நெல்சனும் தொடங்கிய அந்த வெளியீட்டகம் இன்றைக்கும் இயங்குகிறது.

பிறகு இருவரும் மைனர் திரெட்டில் வாசித்தார்கள். 1980 தொடக்கம் 1983 வரை, மூன்றே வருசம். ஒரு நிமிசத்துக்குள் முடிந்துவிடும் பாட்டுகள். குடிக்க மாட்டேன், போதை எடுக்க மாட்டேன் என்று மக்காய் பாடிய 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' என்ற பாட்டு முக்கால் நிமிசம்தான், ஆனால் அதன் தலைப்பே உலகமெல்லாம் ஒரு இயக்கத்தின் பெயராகிவிட்டது. அவர் தனக்காக எழுதினார், கேட்டவர்கள் அதைச் சட்டப் புத்தகமாக்கினார்கள். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இது ஒரு முன்னோட்டம் மாதிரி.

1983, 84 அளவில் ஹார்ட்கோருக்கு ஒரு சீருடை வந்துவிட்டது. வேகம் குறைந்தால் கூக்குரல். கிற்றார் இரண்டும் ஒரே கோர்டை ஒன்றாக அறைய வேண்டும். முன்வரிசையில் ஆம்பிளைகள் ஒருவர்மேல் ஒருவர் பாய்வது ஆட்டம் என்ற நிலைமையைத் தாண்டி அடிதடியாகிவிட்டது. மொட்டை அடித்த ஸ்கின்ஹெட் கும்பல்கள், அதிலும் நாஸிச் சின்னத்தோடு வருகிற சிலர், ஷோக்களுக்கு வந்து ஆட்களை அடித்துவிட்டுப் போனார்கள். தொடக்கத்தில் பாண்டுகளிலும் கூட்டத்திலும் இருந்த பெண்பிள்ளைகள் மெல்ல மெல்லச் சுவரோரம் தள்ளப்பட்டார்கள். ஆடப்போகிற பெடியன்களின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலைதான் தங்களுக்கு மிஞ்சியது என்று அந்தக் காலத்தைப் பற்றிப் பிறகு கதைத்த பெண்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கும் அடங்காத இசை என்று சொல்லிக்கொண்டு தொடங்கியது, அந்த மண்டபத்திற்குள் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற இசையாகிவிட்டது.

இந்த இடத்தில் பலருக்கு ஒரே நேரத்தில் மூச்சு முட்டியது. 1984 ஒன்றிலேயே கலிபோர்னியாவின் எஸ்எஸ்டி என்ற வெளியீட்டகத்திலிருந்து மூன்று அல்பங்கள். பிளாக் ஃபிளாக் 'மை வோர்' அல்பத்தின் இரண்டாவது பக்கம் முழுவதையும் மூன்று நீளமான, ஊர்ந்து போகிற பாட்டுகளால் நிரப்பி, கெதியாக அடி என்று கத்த வந்த சனத்துக்கு எரிச்சலூட்டினார்கள். ஹஸ்கர் டு 'ஸென் ஆர்கேட்' என்ற இரட்டை அல்பத்தில் பியானோ, பின்னோக்கி ஓடும் ஒலிநாடா, கிட்டத்தட்ட 14 நிமிசம் நீளும் ஒரு வாத்திய இசை எல்லாவற்றையும் போட்டார்கள். மினிட்மென் 40 இற்கும் மேற்பட்ட குட்டிப் பாட்டுகளில் ஃபங்க், ஜாஸ், நாட்டுப்புறம் என்று எல்லாம் தொட்டார்கள். இவர்களில் ஒருவரும் தாங்கள் ஒரு புது இசை வகையைத் தொடங்குகிறோம் என்று நினைக்கவில்லை. இவர்களைப் போஸ்ட்-ஹார்ட்கோரின் முன்னோடிகள் என்று அடுக்கியது பின்னால் வந்த விமர்சகர்களும் ரெக்கோர்ட் கடைக்காரர்களும்தான்.

டிசியில் நடந்தது கொஞ்சம் வித்தியாசம். அங்கே மாற்றத்தைத் திட்டமிட்டுச் செய்தார்கள். அதற்கான விதையும் பழைய கூட்டத்திற்குள்ளேயே இருந்தது. 1983 செப்டெம்பரில் மைனர் திரெட்டின் கடைசி ஷோவில் அவர்களோடு மேடையேறிய குழுக்களில் ஒன்று ட்ரபுள் ஃபங்க். டிசியின் கறுப்பின மக்கள் வளர்த்த கோ-கோ என்ற இசையின் பெரிய பெயர்களில் ஒன்று அது. கோ-கோவில் தாளம் நிற்காது, ஆனால் அவசரமும் படாது. இடைவெளி விட்டு விட்டு அடிக்கும் அந்த அடி, பக்கத்துத் தெருப் பங்க் பெடியன்களின் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. குழு கலைந்த பிறகு 1985 இல் வெளிவந்த மைனர் திரெட்டின் கடைசி ரெக்கோர்ட்டைக் கேட்டால், வேகம் தணிந்து, மணி ஒலியும் அக்கூஸ்டிக் கிற்றாரும் வந்துவிடுகிறது.

அதே 1985 கோடைக்காலத்துக்கு அவர்களே 'ரெவல்யூஷன் சமர்' என்று பெயர் வைத்தார்கள், புரட்சிக் கோடை. அந்தப் பெயரைக் கிளப்பியவர் ஏமி பிக்கரிங் என்ற இளம்பெண். பின்னாளில் ஃபயர் பார்ட்டி என்ற, நான்கு பெண்கள் சேர்ந்த குழுவின் பாடகி. பழைய ஷோக்களையும் அடிதடியையும் அந்தக் கும்பலுக்கே விட்டுவிட்டு, நாங்கள் வேறு பாண்ட், வேறு சத்தம், வேறு மண்டபம் என்று போவோம் என்பதுதான் திட்டம். ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங், எம்ப்ரேஸ், பீஃப்ஈட்டர், கிரே மாட்டர், டாக் நாஸ்டி என்று கொஞ்சக் காலத்துக்குள் புதிய குழுக்கள் முளைத்தன. அந்தக் கோடையில் இந்தக் கூட்டம் தென்னாபிரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் போய், வாளி, பீப்பா என்று கையில் கிடைத்ததையெல்லாம் அடித்து இனஒதுக்கலுக்கு எதிராகச் சத்தம் போட்டது. பொசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற செயற்பாட்டுக் குழுவின் டிசி கிளையும் அந்த வருசம்தான் தொடங்கியது. வீடற்றோருக்கும் இலவச மருத்துவ நிலையங்களுக்கும் காசு சேர்க்கும் ஷோக்களை அவர்கள் பின்னர் வருசக்கணக்காக நடத்தினார்கள்.

ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங் மொத்தமாக 20 ஷோகூடச் செய்திருக்க மாட்டார்கள். ஒரு அல்பம், ஒரு சின்ன ரெக்கோர்ட், அவ்வளவுதான். ஆனால் பாடகர் கீ பிச்சியோட்டோ உலகத்தைப் பார்த்துக் கத்துவதை விட்டுவிட்டுத் தன்னுடைய இழப்பைப் பற்றி, போன காலத்தைப் பற்றி, குரல் உடைந்து உடைந்து பாடினார். ஹார்ட்கோர் மேடையில் ஒரு ஆம்பிளை அப்படி நிற்பது அப்போது வழக்கமில்லை. முன்வரிசையில் ஆட்கள் அழுதார்கள் என்கிறார்கள். யாரோ கிண்டலாக இதை 'இமோஷனல் ஹார்ட்கோர்' என்று அழைக்க, அது சுருங்கி 'இமோ' ஆனது. பிச்சியோட்டோவும் மக்காயும் அந்தச் சொல்லை இன்றுவரை ஏற்கவில்லை. எங்களுக்கும் அதில் ஒரு சந்தேகம் உண்டு. மற்ற ஹார்ட்கோரில் உணர்ச்சி இல்லையா என்ன? கோபம் மட்டும் உணர்ச்சிக் கணக்கில் சேராது என்று நினைக்கிற ஆக்கள்தான் அப்படிப் பெயர் வைப்பார்கள்.

இனி ஃபுகாஸி. இவர்களிடம் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறோம், ஏனென்றால் போஸ்ட்-ஹார்ட்கோர் என்ன என்பதற்கு ஒரு குழுவைக் காட்டச் சொன்னால் எங்கள் விரல் இங்கேதான் போகும்.

1987 செப்டெம்பர் 3 அன்று டிசியின் வில்சன் சென்டரில் முதல் ஷோ. மக்காய், பேஸ் கிற்றாரில் ஜோ லாலி, ட்ரம்ஸில் ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங்கில் இருந்த பிரெண்டன் கான்டி. கொஞ்சம் பிறகு பிச்சியோட்டோவும் சேர்ந்தார். சேர்ந்தபோது அவர் கையில் வாத்தியமே இல்லை. பின்குரல் கொடுப்பார், மிச்ச நேரம் மேடை முழுக்க உடம்பை வளைத்து ஆடிக்கொண்டிருப்பார். 1988 இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்த ஷோவில், கூடைப்பந்து வளையத்துக்குள் கால்களை நுழைத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாடியிருக்கிறார். ஜெம் கோஹன் 1999 இல் வெளியிட்ட 'இன்ஸ்ட்ருமென்ட்' என்ற ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது.

ஹார்ட்கோரையும் இவர்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் வடிவாக விளங்கும். ஹார்ட்கோரில் பேஸ் கிற்றார் எதுவென்று தேட வேண்டும், கிற்றார்களின் இரைச்சலுக்குள் அது அமுங்கிவிடும். ஃபுகாஸியில் லாலியின் பேஸ்தான் பாட்டைச் சுமக்கிறது. டப்பும் ரெகேயும் கேட்டு ஊறின விரல்கள். அடியில் அது உறுதியாக நிற்பதால் கிற்றார்களுக்கு எதையும் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. 1990 இல் வந்த 'ரிப்பீட்டர்' அல்பம் தொடக்கம் பிச்சியோட்டோவும் கிற்றார் எடுத்தார். இரண்டு கிற்றார்களும் ஒன்றையே வாசிக்காமல் ஒன்றுக்கொன்று குறுக்கே பேசத் தொடங்கின. ஒன்று ஒரே சுரத்தில் பிடிவாதமாக நிற்கும், மற்றது கத்தரிக்கோல் மாதிரி அதை வெட்டும். ஃபீட்பாக் என்ற அந்தக் கீச்சொலியைக்கூட ஒரு சுரமாகப் பாவித்தார்கள். கான்டியின் ட்ரம்ஸ் கூட்டிக் குறைத்து, தட்டி, சில இடத்தில் வேண்டுமென்றே அடிக்காமல் விட்டுப் போகும். குரலும் அப்படித்தான், முணுமுணுப்பில் தொடங்கி, பேச்சாகி, கத்தலாகி, திரும்பப் பேச்சுக்கு வரும்.

ஹார்ட்கோர் ஒரே உச்சத்தில் தொடங்கி அதே உச்சத்தில் முடிகிற இசை. இவர்கள் அந்த உச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்போது கொடுப்பது, எப்போது பிடித்து வைப்பது என்று விளையாடினார்கள். தொடக்கத்தில் சொன்ன அந்த மௌனம் அதனால்தான் அவ்வளவு பலமாக விழுகிறது. பங்க் கேட்கிற கூட்டத்துக்கு முன்னால் சத்தத்தை நிறுத்துவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். இங்கிலாந்தின் காங் ஒஃப் ஃபோர், வயர், பொஸ்டனின் மிஷன் ஒஃப் பர்மா போன்ற குழுக்களும் இந்த வெட்டு ஒட்டு வேலையைச் செய்திருந்தன. ஹார்ட்கோரின் உடம்பு வலியோடு அதை இணைத்ததுதான் இங்கே புதிது.

பாட்டை நிறுத்துவது அல்பத்தோடு முடியவில்லை, மேடையிலும் நிறுத்தினார்கள். யாராவது மற்றவரை அடித்தால், சனத்தின் தலைமேல் பாய்ந்து விழுந்தால், மக்காய் வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்த ஆளைப் பார்த்து, மிக மரியாதையாக, அது வேண்டாம் என்று சொல்வார். கேட்காவிட்டால் வெளியே கூட்டிப்போய் ஒரு என்வலப்பைக் கையில் கொடுப்பார்கள். உள்ளே 5 டொலர் இருக்கும், அவன் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு. எல்லா ஷோக்களும் கிட்டத்தட்ட அதே 5 டொலர் விலைக்கு, எல்லா வயதினருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. அமெரிக்காவில் பெரும்பாலான ஷோக்கள் மதுபான விடுதிகளில் நடப்பதால் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நுழைவு கிடைப்பதே கடினம். இதற்காக அவர்கள் தேவாலய மண்டபம், பள்ளிக்கூட ஜிம், சமூக நிலையம் என்று தேடித் தேடி வாசித்தார்கள். ஒரு தடவை டிசிக்கு வெளியே உள்ள லோர்ட்டன் சிறைக்குள் போய் வாசித்தார்கள். 1991 ஜனவரியில், வளைகுடா யுத்தம் தொடங்கப்போகிற நாட்களில், வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் வாசித்தார்கள்.

டீ-சேர்ட் விற்கவில்லை. அதனால் வேறு யாரோ 'இது ஃபுகாஸி டீ-சேர்ட் அல்ல' என்று அச்சடித்து விற்றார்கள் என்பது வேறு கதை. அட்லாண்டிக் ரெக்கோர்ட்ஸை நிறுவிய அஹ்மத் எர்டிகன் 1993 இல் நியூயோர்க்கில் அவர்களுடைய ஷோவுக்கே வந்து, தங்களோடு சேரும்படி கேட்டார். மறுத்துவிட்டார்கள். நிர்வாணாவின் வெற்றிக்குப் பிறகு பெரிய கம்பனிகள் நிலத்தடிக் குழுக்களை வலை போட்டு அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. டிஸ்கோர்ட்டிலேயே இருந்த ஜோபொக்ஸும் ஷடர் டு திங்கும் பெரிய கம்பனிகளுக்குப் போனார்கள். அவர்களைத் துரோகி என்று சொல்ல நாங்கள் தயாரில்லை. ஜோபொக்ஸின் 1994 அல்பம் 'ஃபோர் யுவர் ஓன் ஸ்பெஷல் ஸ்வீட்ஹார்ட்' இந்த வகையின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. ஆனாலும் கணக்கு என்ன சொல்கிறது என்பதை சிகாகோவின் ஸ்டீவ் அல்பினி 1993 இல் ஒரு கட்டுரையில் போட்டுக் காட்டினார். கால் மில்லியன் டொலர் ஒப்பந்தம் கிடைத்த ஒரு கற்பனைக் குழுவை எடுத்து, மனேஜர், வக்கீல், ஸ்டூடியோ, வீடியோ, பயணம் என்று ஒவ்வொரு செலவாகக் கழித்துக்கொண்டு போனால், கடைசியில் ஒவ்வொருவர் கைக்கும் வருவது சுமார் 4,000 டொலர். கடையில் வேலைக்கு நின்றிருந்தால் அதைவிடக் கூடக் கிடைத்திருக்கும்.

அல்பினியின் பிக் பிளாக் என்ற குழுவும் இந்தக் கதையின் வேறொரு வேர். ட்ரம்ஸ் வாசிக்க ஆளுக்குப் பதில் ரோலண்ட் இயந்திரம், உலோகத்தைச் சுரண்டுகிற மாதிரிக் கிற்றார். பின்னர் ஒலிப்பதிவாளராக அவர் செய்த வேலை இன்னும் பெரியது. மைக்குகளை அறைக்குள் தூரமாகவும் வைத்து, குழு நிற்கிற அறையே காதில் விழும்படி பதிவு செய்வார். நிர்வாணாவின் 'இன் யூட்டரோ'வுக்கும் ஒரே தடவைக் கூலிதான் வாங்கினார், றோயல்டி வேண்டாம் என்றார். 2024 மே மாதம் காலமானார்.

பெண்பிள்ளைகள் சுவரோரம் தள்ளப்பட்டார்கள் என்று சொன்னோம். அந்தக் கணக்கு அவ்வளவு கெதியாகத் தீரவில்லை. ஃபுகாஸியின் முதல் ரெக்கோர்ட்டிலேயே 'சஜெஷன்' என்ற பாட்டு தெருவில் தொல்லைக்கு ஆளாகும் ஒரு பெண்ணின் குரலில் வருகிறது. ஒரு ஆண் அதைப் பாடலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. சில ஷோக்களில் ஏமி பிக்கரிங்கே மேடையேறி அதைப் பாடினார். 1991 இல் பிகினி கில் குழுவினர் மேற்குக் கரையிலிருந்து டிசிக்கு வந்து கொஞ்சக் காலம் தங்கினார்கள். பெண்கள் முன்னுக்கு வாருங்கள், ஆண்கள் பின்னுக்குப் போங்கள் என்று பாடகி கத்லீன் ஹானா மேடையிலிருந்து கேட்பது அவர்களின் ஷோக்களில் வழக்கமானது. ரயட் கேர்ள் என்ற அந்த இயக்கத்தின் தொடக்கக் கூட்டங்கள் பொசிட்டிவ் ஃபோர்ஸ் ஆட்கள் இருந்த வீட்டில்தான் நடந்தன. இசை வகையாகப் பார்த்தால் பிகினி கில்லைப் போஸ்ட்-ஹார்ட்கோர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 'யார் எங்கே நிற்பது' என்ற கேள்விக்கு ஃபுகாஸி பாட்டை நிறுத்திப் பதில் சொன்னார்கள், ஹானா ஆட்களின் இடத்தையே மாற்றிப் பதில் சொன்னார்.

1990களில் இந்த இசை எங்கெல்லாம் பரவியது என்று முழுதாகச் சொன்னால் விடிந்துவிடும். சான் டியகோவில் டிரைவ் லைக் ஜீஹு, எண்ண முடியாத தாளங்களில் ஒன்பது நிமிசப் பாட்டுகளைக்கூட மூச்சு விடாமல் வாசித்தார்கள். வொஷிங்டன் மாநிலத்தில் அன்வூண்ட். அதன் ட்ரம்மர் சாரா லுண்டின் அடியைத் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். நியூயோர்க்கில் குயிக்சாண்ட், ஹெல்மெட். லூயிவில்லில் ஸ்லின்ட், 1991 இல் 'ஸ்பைடர்லாண்ட்'. அதைப் போஸ்ட்-ரொக் என்று மற்றக் கூட்டத்தார் உரிமை கோருவார்கள், கோரட்டும். ஜப்பானில் என்வி.

ஆனால் சுவீடனில் கொஞ்சம் நிற்க வேண்டும். உமேயோ என்ற வடக்கு நகரத்தின் ரெஃப்யூஸ்ட் குழு 1998 இல் 'தி ஷேப் ஒஃப் பங்க் டு கம்' என்ற அல்பத்தை வெளியிட்டது. ஓர்னெட் கோல்மனின் 1959 ஜாஸ் அல்பத் தலைப்பைச் சற்று மாற்றி வைத்த பெயர். பங்கின் வடிவம் பழசாகிவிட்டது, பழைய வடிவத்தில் புதுக் கருத்தைச் சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். கத்தலுக்கு நடுவில் டெக்னோ, ஜாஸ் பேஸ், வயலின் கூட்டம் எல்லாம் வருகிறது. அல்பம் வெளியான காலத்தில் அமெரிக்கப் பயணம் படுதோல்வி. வேர்ஜினியாவில் ஒரு வீட்டு நிலவறையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது பொலிஸ் வந்து நிறுத்தியது. குழு அதோடு கலைந்தது. அந்த அல்பத்தை உலகம் கண்டுபிடித்தபோது அதை வாசிக்க ஆள் இல்லை. 2012 இல்தான் திரும்பச் சேர்ந்தார்கள்.

டெக்ஸாஸின் எல் பாசோவில் அட் த டிரைவ்-இன். எல் பாசோவுக்கு ஆற்றைத் தாண்டினால் மெக்ஸிக்கோவின் சியுதாத் ஹுவாரஸ். அங்கே 1990கள் தொடக்கம் நூற்றுக்கணக்கான பெண்கள், அதிலும் பலர் தொழிற்சாலைத் தொழிலாளிகள், கொல்லப்பட்டார்கள். விசாரணைகள் எங்கும் போய்ச் சேரவில்லை. 2000 இல் வந்த 'ரிலேஷன்ஷிப் ஒஃப் கொமாண்ட்' அல்பத்தில் ஒரு பாட்டு அவர்களைப் பற்றியது. நேரடியாகச் சொல்லாமல் பேச்சுக்குரலில் உடைந்த படிமங்களாக வரும், கோரஸில்தான் வெடிக்கும். எல்லையோரத்தில் வளர்ந்தவர்கள் எழுதிய பாட்டு என்பது கேட்டாலே தெரியும்.

அவர்கள் எம்டிவியில் வரத் தொடங்கிய நேரம், 2001 ஜனவரி 26 அன்று சிட்னியின் பிக் டே அவுட் விழாவில் மேடையேறினார்கள். கூட்டம் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு பாய்ந்தது. பாடகர் செட்ரிக் பிக்ஸ்லர் அதை நிறுத்தச் சொன்னார், கேட்கவில்லை. நீங்கள் ஆட்டுமந்தை என்று திட்டிவிட்டு, மூன்றே பாட்டோடு குழு இறங்கிப் போய்விட்டது. பலர் அன்று சிரித்தார்கள். அன்றே அதே விழாவில் லிம்ப் பிஸ்கிட் வாசித்தபோது நெரிசலில் சிக்கிய ஒரு பதின்ம வயதுப் பெண், சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார். அட் த டிரைவ்-இன் அந்த மார்ச் மாதமே பிரிந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் யூடியூப்பில் முதலில் வருகிற அந்தக் கூட்டம். நியூ ஜேர்சி நிலவறை ஷோக்களில் வளர்ந்த தேர்ஸ்டே குழுவின் 'ஃபுல் கொலாப்ஸ்' 2001 இல் வந்தது. உண்மையைச் சொன்னா, அது அருமையான அல்பம். கத்தலும் பாட்டும் ஒரே ஆளுக்குள் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். கனடாவின் அலெக்சிஸ்ஒன்ஃபயர் அதை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தது, ஜோர்ஜ் பெற்றிற் கத்துவார், டாலஸ் கிரீன் பாடுவார். அவர்களிடம் அது உயிரோடு இருந்தது. ஆனால் ஒரு வேலையைப் பிரித்துக் கொடுத்தால் அதைப் பட்டறையில் செய்து அடுக்குவது சுலபம். கொஞ்சக் காலத்தில் கத்தல் பகுதி, கோரஸ் பகுதி, கனமாக இறங்கும் பிரேக்டவுன் என்று ஒரே அச்சில் குழுக்கள் வந்துகொண்டே இருந்தன. வோர்ப்ட் டூர் மேடைகளும் மைஸ்பேஸும் அவர்களைத் தூக்கிவிட்டன. 2006 இல் அண்டரோத்தின் அல்பம் பில்போர்ட் பட்டியலில் 2 ஆம் இடத்தில் நுழைந்தது. ஃபுகாஸியின் ஆட்கள் எட்டாத, எட்ட விரும்பாத இடம்.

அவையெல்லாம் குப்பை எண்டு சொல்லிவிட்டுப் போகலாம். பழைய ஆக்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்களால் முடியாது, எங்களில் பலர் இந்த இசைக்குள் நுழைந்ததே அந்த வாசலால்தான். ஆனால் ஒரே பெயருக்குள் இரண்டு வேறு விசயங்கள் இருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒன்று ஒலி: அடையாளம் காணலாம், பழகலாம், பிரதி எடுக்கலாம். மற்றது 1985 இல் எடுத்த ஒரு முடிவு: எங்களுக்குக் கைவந்த வேகமும் சத்தமும் எங்களையே ஆளத் தொடங்கினால் அதை நிறுத்திவிட்டு, அதே தீவிரத்தோடு வேறு வழி தேடுவது. ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங், ரெஃப்யூஸ்ட், அட் த டிரைவ்-இன் மூவரும் கேட்க ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. அந்த முடிவில்தான் ஒத்துப்போகிறார்கள். ஒரு குழு போஸ்ட்-ஹார்ட்கோரா இல்லையா என்று சண்டை வரும்போது நாங்கள் பார்ப்பது இதைத்தான்: தன் கூட்டம் எதிர்பார்க்கிற இடத்தில் அந்தக் குழு என்ன செய்கிறது?

இந்தக் கேள்வியோடு 2011 இல் வந்த லா டிஸ்ப்யூட்டின் 'வைல்ட்லைஃப்' அல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்தில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டைப் பற்றிக் கிட்டத்தட்ட ஏழு நிமிசம் நீளும் ஒரு பாட்டு அதில் இருக்கிறது. பாடுவதைவிடச் சொல்லிக்கொண்டு போவதுதான் அதிகம். பத்திரிகைச் செய்தி மாதிரித் தொடங்கி, தாங்க முடியாத இடத்துக்கு வரும். தேன் கோரஸ் இல்லை.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு: ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங்கின் ஒரே அல்பம், பிறகு 'ரிப்பீட்டர்', பிறகு டிரைவ் லைக் ஜீஹுவின் 'யாங்க் கிரைம்', பிறகு 'ரிலேஷன்ஷிப் ஒஃப் கொமாண்ட்', 'ஃபுல் கொலாப்ஸ்', அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போங்கள். ஃபுகாஸி 2001 இல் 'தி ஆர்கியுமென்ட்' என்ற கடைசி அல்பத்தை வெளியிட்டுப் பின்னர் ஓய்வெடுத்துக்கொண்டார்கள், கலைந்துவிட்டோம் என்று சொல்லவில்லை. அவர்கள் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷோக்களில் 800 இற்கும் அதிகமானவற்றின் ஒலிநாடாக்கள் இருந்தன. 2011 டிசெம்பர் தொடக்கம் டிஸ்கோர்ட் அவற்றை ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்றியது. ஒரு ஷோவைத் தரவிறக்கக் கேட்கும் விலை அதே 5 டொலர். பாட்டுகளுக்கு நடுவில் உள்ள பேச்சையும் வெட்டவில்லை. ஏதாவது ஒரு வருசம், ஏதாவது ஒரு ஊர் என்று தெரிவு செய்து போட்டுக் கேளுங்கள். எங்கேயாவது ஒரு இடத்தில் பாட்டு பாதியில் நிற்கும், கிற்றார் மட்டும் இரைந்துகொண்டிருக்கும், மைக்கில் ஒருவர் முன்வரிசையில் நிற்கிற யாரோ ஒருவரிடம் ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருப்பார்.